கலகம் யாருக்குக் கடினம்? – இடைக்கால உத்தி விளையாட்டுகளும் செங்கல்பட்டுப் பண்ணையாட்களும்



1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கல்பட்டில் திரண்ட நம் மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிர்விட்டார்கள். அவர்கள் நினைவாக இந்த உரையைக் கருங்குழியில் நிகழ்த்துகிறோம். இப்படிப்பட்ட நாளில் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று மூத்த தோழர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. விவசாயிகள் கலகம் செய்தார்கள் என்ற செய்தியை நம் பிள்ளைகளில் பலர் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே இந்த விளையாட்டுகளில் பார்த்துவிடுகிறார்கள். மன்னராக அமர்ந்து வரி போடுகிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், படை அனுப்புகிறார்கள், கலகத்தை அடக்குகிறார்கள். சேரியில் பிறந்த பிள்ளைக்கும் அங்கே கிடைக்கும் இருக்கை அரண்மனையில்தான். அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் கலகம் எப்படித் தெரிகிறது, நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதை இன்று பேசுவோம்.

விளையாட்டில் கலகம்

முதலில் விளையாட்டின் விதிகளைப் பார்ப்போம். 2006-இல் வந்த ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ விளையாட்டில் ஒவ்வொரு நகரத்துக்கும் பொது ஒழுங்கு என்று ஒரு சதவீதம் உண்டு. வரியைக் கூட்டினால் அது இறங்கும். காவல்படையைக் கூட்டினால் ஏறும். மிகவும் இறங்கிவிட்டால் கலவரம், அதன்பின் நகரமே கைவிட்டுப் போகும். படையோடு திரும்பி வந்து நகரைப் பிடித்தால் மூன்று வழிகள் காட்டப்படும்: அப்படியே வைத்துக்கொள்ளலாம், கொள்ளையடிக்கலாம், மக்களைக் கொன்று குவிக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தால் மக்கள்தொகை சரியும், ஒழுங்குச் சதவீதம் ஏறும். ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் அடங்காத நகரத்திலிருந்து தாமே படையை விலக்கி, கலகம் வெடிக்கவிட்டு, திரும்பி வந்து கொன்று ஒழுங்கை நிலைநாட்டுவதை ஒரு தந்திரமாகவே கையாள்கிறார்கள்.

2013-இல் வந்த ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ விளையாட்டு 1444-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அதில் விஜயநகரமும் உண்டு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் கொந்தளிப்பு என்று ஓர் எண் இருக்கிறது. அது ஏறஏறக் கலகக்காரர் படை தோன்றும் வாய்ப்பும் ஏறும். புள்ளிகளைச் செலவழித்துக் கடுமையாக அடக்கலாம், அல்லது அந்த மாகாணத்துக்குத் தன்னாட்சியைக் கூட்டிக் கொடுக்கலாம். 2020-இல் வந்த ‘குருசேடர் கிங்ஸ் 3’ விளையாட்டில் மக்கள் கருத்து என்ற எண் வீழ்ந்த வட்டாரங்கள் ஒன்றுசேர்ந்து கிளர்ச்சிக் குழு அமைக்கின்றன. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ வரிசையில் இந்தத் தொல்லையும் கிடையாது. அங்கே கிராமத்தான் மரம் வெட்டுவான், வயல் உழுவான், பொன் தோண்டுவான். ஒருநாளும் முடியாது என்று சொல்லமாட்டான்.

இந்த விளையாட்டுகளை ஆடுவோரிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. ஒரு தரப்பு யதார்த்தம் வேண்டும் என்கிறது. வரலாற்றில் விவசாயிகள் கலகம் பெரும்பாலும் தோற்றதுதான். அரிவாளும் கம்பும் ஏந்தியவர்கள் கவசம் பூண்ட குதிரைப்படையை வென்றதில்லை. எனவே கலகக்காரரைப் பலவீனமாகத்தான் காட்டவேண்டும் என்பது அவர்கள் வாதம். மறுதரப்பு கடினம் வேண்டும் என்கிறது. எளிதில் நசுக்கப்படும் கலகத்தால் ஆட்டத்தில் சுவை இல்லை. கலகக்காரருக்கு ஆள்பலமும் ஆயுதமும் கூட்டிக் கொடுத்தால்தான் ஆட்டக்காரர் வரி போடுமுன் யோசிப்பார் என்பது இவர்கள் வாதம். விளையாட்டைச் செய்கிற நிறுவனங்கள் இரண்டுக்கும் நடுவில் எண்களைத் திருகிக்கொண்டே இருக்கின்றன.

இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. கலகம் என்றால் ஒரு படை வயலில் வந்து நிற்பது. கடினம் என்றால் அந்தப் படையை வெல்வதில் மன்னருக்கு உள்ள கடினம். கலகம் செய்கிறவருக்கு அதைத் தொடங்குவதில் உள்ள கடினம் எந்த எண்ணிலும் வராது. நம் வரலாறு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

1381-உம் 1429-உம்

இங்கிலாந்தின் 1381 கலகத்தை எடுத்துக்கொள்வோம். 1348-49-இல் கொள்ளைநோயால் பெருந்தொகையான மக்கள் மடிந்தார்கள். வேலைக்கு ஆள் குறைந்ததால் உழைப்பவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். கொடுக்காத பண்ணையை விட்டுக் கொடுக்கிற பண்ணைக்குப் போனார்கள். 1351-இல் ஆங்கிலேய அரசு சட்டம் போட்டுக் கூலியை நோய்க்கு முந்திய அளவில் கட்டிப்போட முயன்றது. அதன் மேல் தலைவரியும் வந்தது. 1381 ஜூனில் எசெக்ஸ், கென்ட் பகுதி மக்கள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். ஜூன் 15 அன்று ஸ்மித்ஃபீல்டில் அரசரோடு பேசச் சென்ற வாட் டைலர் வெட்டப்பட்டார். 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் எழுதிக்கொடுத்த விடுதலைச் சாசனங்கள் சில வாரங்களில் ரத்தாயின. ஜான் பால் தூக்கிலிடப்பட்டார்.

விளையாட்டுக் கணக்கில் இது முழுத் தோல்வி. படை கலைந்தது, தலைவர் இறந்தார், கொந்தளிப்பு எண் கீழே வந்தது. ஆனால் அந்தத் தலைவரியை மறுபடி அப்படி வசூலிக்க ஆட்சியாளர்கள் துணியவில்லை. கூலியைச் சட்டத்தால் கட்டிப்போடவும் முடியவில்லை. ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பண்ணையடிமை முறை அங்கே தேய்ந்து மறைந்தது. கலகக்காரர்கள் ஊர் ஊராகத் தேடிப்பிடித்து எரித்தது என்ன தெரியுமா? பண்ணை நீதிமன்றச் சுருள்கள். யார் யாருக்கு அடிமை, யார் எவ்வளவு உழைப்புக் கடன்பட்டவர் என்று எழுதிவைத்த ஏடுகள் அவை. தங்களைக் கட்டியிருந்தது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் ஐம்பது ஆண்டுகூட ஆகாத நிலையில் நம் நாட்டில் ஒன்று நடந்தது. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலம், 1429. காவிரிப் படுகையிலும் அதற்கு வடக்கே இன்றைய விருத்தாசலம் பக்கத்திலும் வலங்கைச் சாதிகள் 98-உம் இடங்கைச் சாதிகள் 98-உம் கூடித் தீர்மானம் செய்தன. திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறை, விருத்தாசலம் கோயில் சுவர்களில் அந்தத் தீர்மானங்கள் கல்வெட்டாக உள்ளன. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அரச அதிகாரிகளும், அவர்களோடு சேர்ந்துகொண்ட பிராமண, வேளாளக் காணியாளர்களும் முறையற்ற வரிகளால் வதைப்பதை அந்தக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நம்மிடையே ஒற்றுமை இல்லாததால்தான் இந்தக் கொடுமை என்று அம்மக்கள் உணர்ந்ததையும் சொல்கின்றன. இன்ன பயிருக்கு இன்ன வரி என்று அவர்களே விகிதம் வகுத்தார்கள். அதற்குமேல் தரமாட்டோம் என்றார்கள். கொடுமைக்காரருக்கு இடம் கொடுப்பவர்களையும் கணக்கெழுதித் துணைபோகிறவர்களையும் தண்டிப்போம் என்றார்கள்.

லண்டனில் ஏட்டை எரித்தார்கள், விருத்தாசலத்தில் கணக்கெழுத ஆள் போகாதபடி தடுத்தார்கள். இரண்டு இடத்திலும் கலகத்தின் கண் கணக்கின் மீது இருந்தது. விளையாட்டில் தோன்றும் கலகக்காரர் படை எந்த ஏட்டையும் தேடுவதில்லை. நேரே கோட்டைக்குப் போகிறது.

‘விவசாயி’ என்ற ஒற்றைச் சொல்

இந்த விளையாட்டுகளில் கிராமத்தில் வாழ்கிற எல்லாரும் விவசாயி என்ற ஒரே பெயரில் வருகிறார்கள். வரி கூடினால் எல்லாருக்கும் ஒரே அளவு கோபம். நம் நாட்டு ஏடுகளைப் பார்த்தால் இந்த ஒற்றைச் சொல் உடைந்துவிடும்.

முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கல்வெட்டுகளில் வரி கட்டும் நிலத்தைக் கணக்கிடுமுன் கழிக்கவேண்டிய இடங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் அதில் உண்டு. அங்கே வாழ்ந்தவர்கள் வரி கட்டுகிறவர்களின் கணக்கில் வரவில்லை. அவர்கள் உழைப்பு மட்டும் அந்த வயல்களின் விளைச்சலில் கலந்து, வேறொருவர் பெயரில் வரியாகப் போனது. வரிக் கணக்கு ஏட்டை எண்ணாக்கினால் இன்றைய உத்தி விளையாட்டு கிடைக்கும். ஏட்டில் கழித்துவிட்ட சேரி விளையாட்டிலும் கழிந்துபோகிறது.

1429 கூட்டணியையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். அதிகாரியோடு சேர்ந்து நின்றவர் நிலம் வைத்திருந்த காணியாளர். எதிர்த்து நின்றவர்கள் கைவினைஞர், வணிகர், உழுகுடிகள் எனப் பல சாதியினர். பிற்கால வலங்கைப் பட்டியல்களில் பறையரும் இடம்பெறுகிறார்கள். ஆனால் அந்தத் தீர்மானம் வகுத்தது வரி விகிதம். வரி குறைந்தால் வயலில் இறங்கி உழைத்த அடிமைக்குக் களத்தில் ஒரு மரக்கால் கூடுமா? அந்தக் கேள்வியை எந்தச் சுவரும் பதிந்துவைக்கவில்லை. அதற்கான ஏடு 350 ஆண்டுகள் கழித்து நம் பகுதியில் எழுதப்பட்டது.

கருங்குழியிலிருந்து பார்த்தால்

கருங்குழியை ஒரு உத்தி விளையாட்டில் போட்டால் அது ஒரு கோட்டைப் புள்ளியாக இருக்கும். கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1759 டிசம்பரில் அயர் கூட் பிடித்த கோட்டை இது. ஹைதர் அலி படையிடமிருந்து 1781 ஜனவரியில் கேப்டன் டேவிஸ் பிடித்ததும் இதுதான். வரலாற்று நூல்களில் நம் ஊர் வருவது இந்த இரண்டு வரிகளுக்காக. கோட்டைக்கு வெளியே ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலுக்கு அப்பால் சேரி. அவை எந்த வரியிலும் இல்லை.

செங்கல்பட்டுப் பகுதி 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1780-இல் நடந்த போரில் ஊர்கள் பாழாயின. 1794-இல் லயனல் பிளேஸ் என்பவர் ஜாகீருக்குக் கலெக்டராக வந்து 1798 வரை இருந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்ததைக் கண்ட துரை என்று கோயில் கதையில் வருபவர் இவர்தான். அந்தக் கரைக்கு மண் சுமந்தவர்களைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை.

பிளேஸ் வரியை உயர்த்தினார். மிராசுதாரர்கள் எதிர்த்தார்கள். மிராசுதாரர் என்றால் ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை உடையவர். நம் பகுதியில் பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும். அவர்கள் பயிரிட மறுத்தார்கள், ஊரைவிட்டு வெளியேறினார்கள், மனு எழுதினார்கள். பிளேஸ் சிலரது மிராசைப் பறித்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். இது ஒரு கலகம். இதில் வாள் உருவப்படவில்லை, கோட்டை முற்றுகை நடக்கவில்லை, ஆனாலும் கம்பெனியின் வருமானம் ஆடிப்போனது.

அதே ஆண்டுகளில் இன்னொரு கலகமும் நடந்தது. பண்ணையாட்களான பறையர்களும் ஊரைவிட்டு நகர்ந்தார்கள், களத்தில் தங்களுக்குச் சேரவேண்டிய பங்கைக் கூட்டச் சொன்னார்கள். யூஜின் இர்ஷிக் போன்ற ஆய்வாளர்கள் அக்காலக் கலெக்டர் ஆவணங்களிலிருந்து இதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மிராசுதாரருக்குக் கம்பெனியோடு வழக்கு. பண்ணையாளுக்கு மிராசுதாரரோடு வழக்கு. வரி உயர்ந்தால் மிராசுதாரர் அதைக் களத்தில் பண்ணையாள் பங்கிலிருந்து ஈடுகட்டப் பார்ப்பார். இரண்டையும் ஒரே கொந்தளிப்பு எண்ணில் கூட்டினால் எந்தக் கலகமும் புரியாது. ஒன்றை அடக்க மற்றொன்றுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பதைக் கம்பெனி சீக்கிரம் புரிந்துகொண்டது. நம் இயக்கங்களில் சிலர் இன்றைக்கும் இதைப் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள்.

வெளியேறுவது என்னும் ஆயுதம்

பண்ணையாளிடம் இருந்த ஆயுதம் தன் இரண்டு கைகளை வயலிலிருந்து எடுத்துக்கொண்டு போவது. இது எப்போதும் வேலை செய்யும் ஆயுதமில்லை. ஏரியில் நீர் நிறைந்து நாற்று நடவேண்டிய வாரத்தில் ஆட்கள் போய்விட்டால் சம்பா போகம் போயிற்று. கதிர் முற்றி நிற்கையில் போய்விட்டால் நெல் உதிர்ந்துவிடும். மற்ற மாதங்களில் போனால் மிராசுதாரருக்கு நட்டமில்லை, போனவர்தான் பட்டினி. எனவே கலகத்துக்கு ஒரு காலண்டர் உண்டு. அது ஏரியையும் மழையையும் ஒட்டியது. விளையாட்டில் கலகம் எந்த மாதத்திலும் வெடிக்கும், எண் நிரம்பினால் போதும்.

போவதற்கு ஓர் இடமும் வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போரால் ஊர்கள் காலியாகிக் கிடந்தன. நிலம் மிகுதி, ஆள் குறைவு. கொள்ளைநோய்க்குப் பிந்திய இங்கிலாந்தின் நிலையும் இதுவே. ஆள் குறைந்த காலத்தில் உழைப்பவரின் கால்களுக்கு மதிப்பு ஏறுகிறது. அதனால்தான் இரண்டு நாட்டு ஆட்சியாளர்களும் மக்களை ஊரோடு கட்டிப்போடுவதில் அத்தனை கவலைப்பட்டார்கள். பிறகு சென்னைப் பட்டணம், இலங்கை, பர்மா, மொரீஷியஸ், நேட்டால் என்று போகிற இடங்கள் பெருகின. துன்பத்திலிருந்து துன்பத்துக்குப் போன பயணங்கள்தாம் அவற்றில் பல. ஆனாலும் ஆள் போய்விடுவான் என்ற பயம் இங்கே இருந்த ஆண்டையின் குரலைக் கொஞ்சம் தாழ்த்தியது. எந்த விளையாட்டிலும் மக்கள் இப்படி எழுந்து நடந்துபோய் ஒரு கலகத்தை வெல்வதை நாம் பார்த்ததில்லை. மக்கள்தொகை எண் குறைந்தால் மன்னருக்கு ஒழுங்கு கூடுகிறது. உண்மையில் மக்கள் குறைந்ததும்தான் ஆண்டைக்கு நடுக்கம் வந்தது.

மனைக்கட்டு

சரி, இத்தனை வலிய ஆயுதம் கையில் இருந்தும் ஏன் அடிக்கடி அதை எடுக்கவில்லை? கலகம் செய்கிறவருக்கு உள்ள கடினம் இங்கேதான் தெரிகிறது.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. அதன்பின்னும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், 1891-இல் இந்த மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் அதற்கு முன்பே இதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார்கள். பண்ணையாள் எப்படிக் கட்டுண்டு கிடந்தார் என்பதை அந்த அறிக்கை படிப்படியாகக் காட்டுகிறது. பரம்பரைக் கடன் ஒரு கட்டு. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனு போட்டால் மிராசுதாரருக்கே முதல் உரிமை என்ற விதி இன்னொரு கட்டு. இவற்றைவிட இறுக்கமானது மனைக்கட்டு. குடிசை நிற்கும் இடம் மிராசுதாரருடையது. மனு போட்டவர், கூலி கேட்டவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர் என யாராக இருந்தாலும், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இதைக் கலகக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மன்னருக்குக் கலகம் என்பது ஒரு மாகாணத்தில் சில மாத வரி இழப்பு. பண்ணையாளுக்கு அது முதல் நாளிலேயே வீட்டையும், இரண்டாம் நாளில் அடுப்பையும் பணயம் வைப்பது. நூறு முறை கலகம் செய்யக் காரணம் இருந்த இடத்தில் ஒருமுறை நடந்தது என்றால், மீதி தொண்ணூற்றொன்பதையும் பொறுமை என்றோ விதியை நம்பிக் கிடந்தது என்றோ எழுதிவிடுகிறார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பதுக்கும் காரணம் மனைக்கட்டில் இருக்கிறது. குடியிருக்கும் மனை உழைப்பவர் பெயரில் பதிவான ஊரில் கூலிப் பேச்சு எப்படி மாறுகிறது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ட்ரெமென்ஹீர் அறிக்கைக்குப்பின் 1892 செப்டம்பர் 30-இல் 1010 எண் அரசாணைகள் வந்தன. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் சொல்வது இதைத்தான். பத்தாண்டுகள் வரை விற்கக்கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. பாதிரியின் இரக்கத்தாலும் துரையின் நல்ல மனத்தாலும் கிடைத்த நிலம் என்று இதைச் சுருக்குவது நமக்கு உடன்பாடில்லை. நூறு ஆண்டுகளாக ஆட்கள் பண்ணையை விட்டு நடந்திருக்காவிட்டால், மனு மேல் மனு போட்டு அடி வாங்கியிருக்காவிட்டால், எழுதிவைக்க அந்தத் துரைக்கு ஒன்றும் இருந்திருக்காது. அடுத்த ஆண்டே, 1893-இல், மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். ஏடு நம் கைக்கும் வந்துவிட்டது.

யார் செய்தது வன்முறை?

உத்தி விளையாட்டில் வன்முறை கலகக்காரரிடம் தொடங்குகிறது. மன்னர் அதற்குப் பதில் கொடுக்கிறார். தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்த மக்கள் கேட்டது கூலியில் சிறிது நெல் கூடுதலாக. சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். கோட்டை எதையும் பிடிக்கவில்லை. பின்னர் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. இந்தக் கலகத்தை விளையாட்டின் எண்களில் எழுத முயன்றால் கலகக்காரர் படை சுழியம், நடந்த போர் சுழியம், இறந்தவர் 44 என்று வரும். அந்த விதிகளில் இதற்கு இடமில்லை.

காரணையிலும் அப்படித்தான். பஞ்சமி நிலம் நிபந்தனையை மீறிக் கைமாறியிருந்தது. அந்த நிலத்தில் மக்கள் அண்ணல் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. நியாயம் கேட்டுச் செங்கல்பட்டில் கூடினார்கள். கையில் இருந்தவை 1892-இன் அரசாணையும் கொடியும் முழக்கமும். பதிலாக வந்தது தோட்டா. இரு தோழர்களின் உயிர் போனது. அந்த நாள் முடிவில் நிலம் மீளவில்லை என்பதால் இதைத் தோல்வி என்று சொல்லிவிடலாமா? 1994-க்கு முன் பஞ்சமி நிலம் என்ற சொல் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று பட்டாவில் இடம் வாங்குகிறவர்கூட அது பஞ்சமி நிலமா என்று விசாரிக்கிறார். மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலும் தென்சென்னை நெடுஞ்சாலையிலும் நிலத்தின் விலை ஏக்கர் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு மாறிய காலத்தில் அந்தக் கேள்வி நிற்கிறது. வாட் டைலர் இறந்தபின் தலைவரியைத் தொட ஆட்சியாளர்கள் தயங்கியது போல, இங்கேயும் ஒரு தயக்கத்தை அந்த இரு உயிர்கள் விதைத்துவிட்டுப் போயிருக்கின்றன. தயக்கம் போதாது, நிலம் வேண்டும். அதனால்தான் ஆண்டுதோறும் கூடுகிறோம்.

மாணவர்களுக்கு

விளையாடாதீர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. விளையாடுங்கள். ஆடும்போது அந்த எண்களைக் கேள்வி கேளுங்கள். பொது ஒழுங்கு யாருடைய ஒழுங்கு? கிராமத்தான் உழுத வயல் யாருடையது? வரியைக் குறைத்தால் ஊரில் யார் பங்கு கூடுகிறது? கலகம் அடங்கியபின் குடிசை யார் நிலத்தில் நிற்கிறது? யதார்த்தமா கடினமா என்று சண்டை போடுகிறவர்களிடம் சொல்லுங்கள்: கலகத்தை யதார்த்தமாகக் காட்டினால் அது தானாகவே கடினமாகிவிடும். ஆனால் அந்தக் கடினத்தை உணர ஆட்டக்காரர் சேரிப் பக்கம் வந்து உட்காரவேண்டும்.

நம் பிள்ளைகளில் மென்பொருள் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து அப்படி ஒரு விளையாட்டைச் செய்யலாம். பெரிய நிறுவனம் வேண்டாம், அட்டையில் காய் நகர்த்தும் ஆட்டமாக இருந்தாலும் போதும். விதிகள் நம் வரலாற்றிலேயே இருக்கின்றன. வீட்டில் எத்தனை நாளுக்கு நெல் இருக்கிறது? ஏரியில் எவ்வளவு நீர்? நடவுக்கு எத்தனை வாரம்? பக்கத்து ஊர்ச் சேரி சேர்ந்து வருமா? வலங்கையும் இடங்கையும் போலப் பிரித்துவைக்கப்பட்ட உழைப்பவர்கள் ஒன்றுசேர்வார்களா? மனைக்கட்டிலிருந்து விரட்டினால் எங்கே போவது? தர்க்காஸ்து மனுவைத் தாசில்தார் வாங்குவாரா? இத்தனைக்கும் நடுவே எந்த வாரம் கையை எடுப்பது என்று ஆட்டக்காரர் முடிவு செய்யவேண்டும். இதைவிடக் கடினமான உத்தி விளையாட்டை எந்த நிறுவனமும் செய்ததில்லை. நம் பாட்டன் பாட்டிகள் அதை எழுத்தறிவின்றி, உயிரைப் பணயம் வைத்து ஆடினார்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த விதிகளுக்கான விவரங்கள் நம் ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. மதுராந்தகம், செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர்ப் பக்கத்து மாணவர்கள் தங்கள் ஊர் ‘அ’ பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டி.சி. நிலம் எந்தப் புல எண்ணில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் களத்தில் எத்தனை மரக்கால் அளந்தார்கள், எந்த ஆண்டு எந்த மாதம் வேலைக்குப் போகமாட்டோம் என்று நின்றார்கள், எங்கே போய்த் தங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அடுத்த அக்டோபர் 10-க்கு அவற்றை இங்கே கொண்டுவாருங்கள், சேர்த்து அச்சிடுவோம்.

ஜெய்பீம்.